பழுப்புத் தண்ணீருக்குப் பொறுப்பானவள்

என்னை 'ஊத்தைத் தண்ணிக்காரி' என்று முதலில் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியும். பெட்டி அடைக்கும் பகுதியில் நிற்கிற ஒருவர். பெயரைச் சொல்லமாட்டேன், அந்தப் புகழ் அவருக்கு வேண்டாம். நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவேன் என்று நினைத்திருப்பார். அடுத்த நாள் என் மேலங்கிப் பையின் மேல் சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லையே பெரிதாக எழுதிக்கொண்டு வேலைக்குப் போனேன். பிறகு ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பேன். அதுதானே என் வேலை.

எங்கள் தொழிற்சாலை முல்லைத்தீவுக் கரையில், கடல்நீர் ஏறி நிற்கிற களப்பை ஒட்டி இருக்கிறது. ஊராருக்கு அது நண்டுக் கொம்பனி. நண்டை அவித்து, ஓடு உடைத்து, சதை எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். உள்ளே எழுபது பெண்கள் வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக நிற்பார்கள். அவித்த தண்ணீர், கழுவிய தண்ணீர், தரையில் ஓடிய தண்ணீர் எல்லாம் ஒரு குழாயால் மதிலோரத்துக்கு வரும். அங்கே நாலு தொட்டி, ஒரு தகரக் கொட்டில், நான்.

உயர்தரத்தில் உயிரியல் படித்து, நீர்த் தொழில்நுட்பத்தில் டிப்ளோமாவும் முடித்தவள் நான். ஆய்வுகூடத்தில் வேலை என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த பிறகுதான் கழிவுநீரைக் கையில் தந்தார்கள். அந்த வேலைக்கு எந்த ஆணும் வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இதை ஊரில் யாரும் செய்யாத அளவுக்கு ஒழுங்காகச் செய்து காட்டுகிறேன் என்று நினைத்தேன். என் பிடிவாதத்தைப் பற்றி அம்மா சொல்வதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

முதலாவது தொட்டியில் தண்ணீர் சேர்ந்து நிற்கும். இரண்டாவதில் காற்று இல்லை. மூன்றாவதில் அடியிலிருந்து காற்றடிப்போம், அது பழுப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டே இருக்கும். நாலாவதில் சேறு அடியில் படிய, அதைத் திரும்ப இரண்டாவதுக்கு இறைப்போம், மேலே தெளிந்த தண்ணீர் வாய்க்கால் வழியாகக் களப்புக்குப் போகும். வேலையைச் செய்வது நான் இல்லை, அந்தச் சேற்றில் இருக்கிற பற்றீரியாக்கள். நான் அவற்றை 'என்ர ஆக்கள்' என்றுதான் சொல்வேன். ஒரு சாதி, காற்றுத் தொட்டியில் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். இன்னொரு சாதி, காற்றில்லாத தொட்டியில் மூச்சுக்கு வழியின்றி அந்த நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு மிச்ச நைதரசனைக் குமிழியாக வானத்துக்கு விட்டுவிடும். மூன்றாவது சாதிதான் எனக்குச் செல்லம். காற்றில்லாத இடத்தில் தன்னிடம் உள்ள பொசுபேற்றை எல்லாம் கக்கிவிட்டு, கிடைத்த தீனை உள்ளே சேர்த்து வைக்கும். காற்றுக்கு வந்ததும் அந்தத் தீனை எரித்து, கக்கியதைவிடக் கூடுதலாகப் பொசுபேற்றை விழுங்கும். விழுங்கியதோடு சேற்றில் ஒரு பங்கை நான் அள்ளி எடுத்துவிடுவேன்.

அவை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தொழிற்சாலை தொடங்கிய புதிதில், தொட்டி கட்டி முடியுமுன் தண்ணீரை நேரே வாய்க்காலில் விட்டார்கள். நான் அப்போது அங்கே வேலைக்கு வரவில்லை. நைத்திரேற்றும் பொசுபேற்றும் பயிருக்கு உரம், பாசிக்கும் உரம்தான். வாய்க்கால் வாயில் களப்பு பச்சைக் கூழாகியது. ஒரு காலை என் தம்பி வீச்சுவலையை இழுத்தபோது செத்த மீன் மட்டுமே வந்தது. அவன் அந்தக் களப்பை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவன். அன்று வலையைக் கரையில் போட்டுவிட்டு, அலம்பக்கூட மனமின்றி உட்கார்ந்திருந்தான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இனி, இதை எழுத வைத்த திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் மாதா கோயில் திருநாள், நான் வேலைக்குப் போகவில்லை. திங்கள் காலை படலையைத் திறந்ததுமே மணம் அடித்தது. குளோரின். அந்த மணத்தை அறியாதவர் எங்கள் வயதில் வன்னியில் இல்லை. போர் முடிந்த பிறகு அகதி முகாமில் நாங்கள் குடித்த தண்ணீரின் மணம் அது. ஓடிப்போய்க் காற்றுத் தொட்டியைப் பார்த்தேன். நுரை இல்லை. பழுப்பு இல்லை. அடித்தளம் தெரிகிற தெளிவில் தண்ணீர் கிடந்தது. ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். மற்ற நாட்களில் சந்தை மாதிரி ஓடித் திரிகிற இடம், ஒன்றுகூட அசையவில்லை.

பின்னால் காலடி கேட்டது. கழுவல் பகுதிக்குப் பொறுப்பான அக்கா சிரித்த முகத்தோடு நின்றார். தர்மபுரத்தில் பிறந்து தண்ணீரூற்று என்ற ஊரில் கலியாணம் முடித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"பாத்தியே பிள்ளை? பளிங்கு மாதிரிக் கிடக்கு. நேற்று வந்து பாத்தன், ஒரே ஊத்தையும் நுரையும். வெள்ளைக்காரர் பாத்தால் உன்னையெல்லே குறை சொல்லுவினம். ரெண்டு வாளி குளோரின் தூள் கரைச்சு ஊத்தினனான்."

"ஐயோ அக்கா, என்ர ஆக்களை எல்லாம் சாக்காட்டிப் போட்டீங்களே!"

"ஆரை?" என்று பதறி, யாரோ விழுந்துவிட்டார்களாக்கும் என்று தொட்டியின் விளிம்புக்கு ஓடினார்.

நான் கத்தினேன். அவருக்குக் கேட்கக்கூடாத சொற்களும் என் வாயிலிருந்து வந்தன. நாலு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. அக்கா யார் என்பது எனக்கும் தெரியும். முகாமில் தண்ணீர்த் தொட்டிகளுக்குக் குளோரின் போடும் தொண்டராக இருந்தவர். அந்த மணம் இருந்த நாட்களில் பிள்ளைகளுக்கு வயிற்றாலை போகவில்லை, மணம் இல்லாத நாட்களில் போனது. அவ்வளவுதான் அவர் கண்ட விஞ்ஞானம், பொய்யும் இல்லை. இன்றைக்கும் மாரி வெள்ளம் வடிந்தால் அவருடைய ஒழுங்கையில் உள்ள கிணறுகளை எல்லாம் இறைப்பித்துக் குளோரின் போடுவது அவர்தான். கலங்கின தண்ணீரைக் கண்டால் அவருடைய கை சும்மா இராது.

முகாமையாளர் வந்தார். யாழ்ப்பாணத்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற சாதி. வெளிநாட்டாரின் சான்றிதழும் வேண்டும், நண்டு ஒரு மணித்தியாலமும் நிற்கக்கூடாது.

"இப்பத்தானே தண்ணி தண்ணி மாதிரி இருக்கு. இதிலை என்ன பிரச்சினை?" என்றார்.

"வெளுத்ததெல்லாம் பாலில்லை, சேர்" என்று சொல்லி, பரிசோதனைக் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பொசுபேற்று இருந்தால் அதில் நீலம் ஏறும். மைப்போத்தல் நீலத்தில் நின்றது. "இது தெளிஞ்ச தண்ணி, சுத்தமான தண்ணி இல்லை. இதுகளுக்கு உயிர் வர ஏழெட்டு நாள் செல்லும். அதுவரைக்கும் வேலையை நிப்பாட்டுங்கோ."

"நண்டுக் காலத்திலை நிப்பாட்டவோ? நீர் என்ன கதைக்கிறீர்? வெளிவாயைப் பூட்டி வைச்சால் முதல் தொட்டி எப்ப நிரம்பும்?"

"புதன்கிழமை."

"அப்ப புதன்கிழமை களப்புக்கு வால்வைத் திறந்து விடும்." போகத் திரும்பியவர் நின்றார். "குளோரினைப் போட்டது ஆர்? குளிக்கப் போய்ச் சேறு பூசின கதையாயெல்லே கிடக்கு."

அக்கா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "இந்தத் தொட்டிக்குப் பொறுப்பு நான், சேர். என்னைக் கேளுங்கோ."

அவர் போன பிறகு செய்த முதல் வேலை, வெளிவாய் வால்வை மூடி, அதன் சில்லில் சங்கிலி சுற்றி ஆமைப்பூட்டைப் போட்டதுதான். அந்தப் பூட்டின் திறப்பை என் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டேன். பிறகு அவருடைய அறைக்குப் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னார், இருக்கவில்லை.

"சேர், வால்வைத் திறக்கிறதெண்டால் முதலிலை என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ. பிறகு பூட்டை வெட்டுங்கோ. வெட்டினது ஆரெண்டு பதிவுப் புத்தகத்திலை எழுதிப்போட்டுத்தான் நான் போவன்."

"நீர் என்ன, களப்புக்குப் பொறுப்பாளரோ?"

"இல்லை சேர், ஊத்தைத் தண்ணிக்கு. அது போற இடத்துக்கும்."

சொல்லிவிட்டு நேரே என் கொட்டிலுக்கு வந்தேன்.

தயிருக்கு உறை வேண்டும், செத்த தொட்டிக்கும் உறை வேண்டும். என்னோடு படித்த ஒருவர் பூவரசங்குளத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இதே வேலை பார்க்கிறார். தொலைபேசியில் கேட்டேன். "வந்து சேற்றை அள்ளிக்கொண்டு போ. ஆனால் வழியிலை மூச்சு முட்டவிட்டால் அரைவாசியும் மிஞ்சாது. கலக்கிக்கொண்டே போகோணும்" என்றார்.

அன்று முழுக்க, குளோரினை முறிக்கிற மருந்தைத் தொட்டியில் போட்டுக் காற்றடித்தேன். செவ்வாய் காலை, தம்பி மீன் ஏற்றுகிற சின்ன லொறியோடும் பன்னிரண்டு நீலப் பீப்பாக்களோடும் வந்தான். முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்கள் ஏன் வாறீங்கள்?" என்று கேட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

"கலக்க ஆள் வேணுமெண்டு தம்பி சொன்னவன். எனக்குக் கை இருக்கு" என்றார்.

திரும்பி வருகிற வழியில் பார்த்தவர்கள் எங்களை மறந்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு பீப்பா பழுப்புச் சேறு, நடுவில் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு துடுப்பு. ஒரு பீப்பாவைக் கலக்கி அடுத்ததுக்குப் போய், பன்னிரண்டாவது முடிய முதலாவது காத்துக்கொண்டிருக்கும். லொறி பள்ளத்தில் விழும்போதெல்லாம் சேறு எங்கள் மேலேதான் தெறித்தது. மாங்குளம் சந்தியில் தம்பி தேத்தண்ணி வாங்க நிறுத்தினபோது, கடை வாசலில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, கூழோ?"

"ஓம், ஒடியல் கூழ். சிரட்டை கொண்டு வாங்கோ, ஊத்தி விடுறன்" என்றார் அக்கா. அவர் சிரட்டையோடு வரவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பொலிஸ்காரர் மறித்து, மூடியைத் திறக்கச் சொன்னார். "உள்ளுக்கு என்ன?" என்றார். "உயிருள்ள சாமான்" என்றேன். ஒரு மூச்சு இழுத்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு "போங்க, போங்க" என்று இரண்டு கையாலும் அனுப்பிவைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு நாளில் முதல் தரம் சிரித்தது அப்போதுதான்.

கலக்கிக்கொண்டே அக்கா கேட்டார், இதுகள் அப்படி என்னதான் செய்யும் என்று. சொன்னேன். பொசுபேற்றைக் கக்குவது, காற்றுக்கு வந்ததும் கூடுதலாக விழுங்குவது எல்லாம். துடுப்பை நிறுத்தாமல் அக்கா சொன்னார்.

"அப்ப அதுகளும் எங்களை மாதிரித்தான். ஒருக்கால் இல்லாமல் கிடந்தால், அடுத்த முறை கிடைக்கேக்கை அள்ளிப் பதுக்கும். என்ர குசினியை வந்து பார், எந்தப் பேணியைத் திறந்தாலும் அரிசி. அவர் சிரிக்கிறவர். என்னாலை விட ஏலாது." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "குளோரின் மணந்தால் ஒரு நோயும் அண்டாதெண்டுதான் பிள்ளை நினைச்சனான். சாகிறது நல்லதுகளெண்டு ஆர் கண்டது?"

என் கோபம் அந்த இடத்தில் போயிற்று. "எனக்கும் படிக்க முந்தித் தெரியாது அக்கா" என்றேன். அது உண்மை.

"இன்னும் எத்தினை நாள் வேணும்?"

"ஏழு நாளாவது. ஆனால் முதல் தொட்டி நாளைக்கு நிரம்பிடும். நிரம்பினால் சேர் பூட்டை வெட்டுவார்."

ஒட்டுசுட்டான் தாண்டியதும் அக்கா கேட்டார்: "வாற தண்ணியைக் குறைச்சால்?"

"எப்பிடி? நண்டு அவிக்கிற தண்ணி கொஞ்சம்தான். கழுவுற தண்ணிதான் முக்கால்வாசி. குழாயைப் பூட்டினால் கழுவாமல் விடுறதே?"

"முகாமிலை ஒரு வாளித் தண்ணியிலை ஆறு பேர் மேல் கழுவினனாங்கள். அதுக்குப் பிறகு அந்தத் தண்ணியிலை உடுப்பும் தோய்ச்சனாங்கள். எனக்குத் தண்ணி குறைக்கப் படிப்பிக்கிறியோ நீ?"

அன்று பின்னேரமே சேற்றைத் தொட்டிகளில் ஊற்றினோம். புதன் காலை நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது, தரை கழுவுகிற குழாய்கள் எல்லாம் சுருட்டி ஆணியில் தொங்கின. ஒவ்வொரு பெண்ணின் காலடியிலும் ஒரு வாளி. முதலில் ஓடும் சதைத் துணுக்கும் விளக்குமாற்றால் உலர உலரக் கூட்டி அள்ளப்பட்டன. பிறகு ஈரத்துணி. பிறகுதான் வாளித் தண்ணீர், அதுவும் கையால் தெளித்து. எழுபது பேருக்கும் அக்கா சொன்னது ஒரே வசனம் என்று பின்னால் கேள்விப்பட்டேன்: "முகாம் கழுவல் கழுவுங்கோ." விளக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. இளம் பிள்ளைகளுக்கு மற்றவர்கள் காட்டிக் கொடுத்தார்கள்.

முகாமையாளர் சுற்றி வந்து, "குழாயை ஏன் பாவிக்கேல்லை?" என்று கேட்டார்.

"நிலம் ஊத்தையாக் கிடந்தால் காட்டுங்கோ சேர், திரும்பக் கழுவுறம்" என்றார் அக்கா.

அவர் குனிந்து தரையில் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

மத்தியானம் திருத்துநரைக் கூட்டிக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்தார். திருத்துநரின் கையில் சங்கிலி வெட்டுகிற பெரிய கத்தரி. சாப்பாட்டு நேரம். பெண்கள் சோற்றுப் பெட்டியோடு வெளியே வந்து, மற்ற நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற என் தொட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். நான் அளவுத் தடியை முதல் தொட்டியில் விட்டு எடுத்துக் காட்டினேன்.

"இன்னும் ஒரு முழம் கிடக்கு, சேர். புதன்கிழமை நிரம்பினால்தானே திறக்கச் சொன்னீங்கள்? நிரம்பேல்லை."

திருத்துநர் கத்தரியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முகாமையாளர் தடியைப் பார்த்தார், சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார், போய்விட்டார்.

வியாழன் வந்தவர்களில் ஒரு பெண் என் தொட்டிவரை வந்தார். ஏன் தண்ணீர் வெளியே போகவில்லை என்று கேட்டார். முகாமையாளர் சின்னத் திருத்த வேலை என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் குறுக்கே சொன்னேன்: எங்கள் பற்றீரியா எங்கள் பிழையால் செத்துவிட்டது, புதியது வளர்கிறது, வளரும்வரை ஒரு துளியும் விடமாட்டோம். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று இன்றுவரை தெரியாது. முகாமையாளரின் காது சிவந்தது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு நாட்களைத் தடியால் அளந்தேன். ஒரு விரல் ஏறினால் அக்கா வாளியில் கையளவு தண்ணீரைக் குறைப்பித்தார். என் ஆக்களுக்குப் புளித்த கஞ்சி நல்ல தீன் என்று சொன்னேன், காலையில் எழுபது பேரும் போத்தலில் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒருத்தி உப்புப் போட்டுக் கொண்டுவந்து அக்காவிடம் பேச்சு வாங்கினாள். ஆறாம் நாள் மூலையில் கொஞ்சம் பழுப்பு நுரை கண்டேன். அன்று கொட்டிலுக்குள் போய்த் தனியே அழுதேன். அவை செத்த அன்று வராத அழுகை அன்றுதான் வந்தது.

ஒன்பதாம் நாள் காலை பரிசோதனைக் குழாயில் நீலம் ஏறவில்லை. குழாய்க்கு அந்தப் பக்கம் என் விரல் ரேகை தெரிந்தது. நைத்திரேற்றும் அளவுக்குள் வந்திருந்தது. முதல் தொட்டியில் நாலு விரல் இடம்தான் மிச்சம். சங்கிலியைக் கழற்றித் திறப்பை எடுத்து, வால்வின் சில்லில் அக்காவின் கையையும் பிடித்து வைத்து இருவருமாகச் சுற்றினோம். வாய்க்கால் வாயில் தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று கொஞ்சத்தைக் கையில் அள்ளி மணந்து பார்த்தான். பிறகு வலையைத் தோளில் எடுத்துப் போட்டான்.

இதை எழுதப் போகிறேன், குளோரின் கதையும் வரும், எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுது. ஊத்தினதையும் எழுது, கலக்கினதையும் எழுது" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஆமைப்பூட்டின் திறப்பு அவருடைய தாலிக்கொடியில்தான் தொங்குகிறது.

வால்வைத் திறந்த அடுத்த கிழமை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலதிகாரி பணித்தும் வெளிவாய் வால்வைத் திறக்க மறுத்தமை என்று குற்றம் எழுதியிருந்தது. அடியில், இனிமேல் பணித்தவுடன் திறப்பேன் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரு வரி, கையொப்பத்துக்கு ஒரு கோடு, பதவிக்கு ஒரு கோடு. முகாமையாளரின் மேசையிலேயே, அவருடைய பேனையாலேயே அந்த வரியை வெட்டினேன். அதற்கு மேலே, 'தண்ணீர் தேறினால் திறப்பேன், தேறாவிட்டால் யார் சொன்னாலும் திறக்கமாட்டேன்' என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். பதவி என்ற கோட்டில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, 'ஊத்தைத் தண்ணிக்காரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு என் தொட்டிக்கு வந்தேன்.